மண்டியிட்டவனின் பெயர்: இங்கிலாந்தில் ஆறு நாட்கள்

நாள் 1, திங்கள், லண்டன்

சில்லறையை எண்ணாமல் பைக்குள் போடுவது என்னால் ஆகாத காரியம். பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் வங்கிக் காசாளராக இருந்தவள். விமான நிலையத்தில் தேநீர் வாங்கிவிட்டு மீதியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். ஐந்தாறு காசுகளுக்கு நடுவே இரண்டு பவுண்ட் நாணயம் ஒன்று கிடந்தது. அதில் 1807 என்ற எண். நடுவிலுள்ள பூஜ்யத்தின் இடத்தில் அறுந்துபோன சங்கிலிக் கண்ணி. அடிமை வணிகத்தைப் பிரிட்டன் தடைசெய்த சட்டத்தின் 200ஆம் ஆண்டை ஒட்டி 2007இல் வெளியிட்டது, டேவிட் ஜென்டில்மேன் வடிவமைத்தது. விளிம்பைச் சுழற்றிச் சுழற்றிப் படித்தேன். "நானும் மனிதன் அல்லவா, உடன்பிறந்தவன் அல்லவா" என்று பொருள்படும் ஆங்கில வாசகம் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. இந்த ஒரு வரியைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இறங்கிய ஒரு மணி நேரத்தில் அதுவே என் கைக்கு வந்துவிட்டது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக நான் சேர்ப்பது அடிமை ஒழிப்பு இயக்கத்தின் டோக்கன்களையும் (அரசு அல்லாத தனியார் அடித்த காசுகள்) பதக்கங்களையும். என் சேகரிப்பின் முதல் பொருள் இவை இரண்டிலும் சேராது. என் ஆச்சியின் சுருக்குப்பையில் கிடந்த ஒரு வட்டத் தகரம் அது. மேலே ஒரு துளை, நடுவே குத்தி எழுதிய எழுத்துகளும் எண்களும். சிறு வயதில் அதை நூலில் கட்டிச் சுழற்றி விளையாடியிருக்கிறேன். ஆச்சியின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது கொடுத்த தகரச் சீட்டு அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆள் யார் என்பது மட்டும் இல்லை. இந்தப் பயணத்துக்கும் அதைக் கைப்பையில் எடுத்து வந்திருக்கிறேன்.

மாலையில் லம்பார்ட் தெருவை ஒட்டிய ஜார்ஜ் யார்டுக்குப் போனேன். 1787 மே 22 அன்று இங்கே ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் 12 பேர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மற்ற மூவரில் தாமஸ் கிளார்க்சனும் கிரான்வில் ஷார்ப்பும் உண்டு. சங்கத்துக்கு ஒரு முத்திரை வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ததில் பிறந்ததுதான் கைவிலங்குடன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை உயர்த்தியிருக்கும் அந்தக் கறுப்பு மனிதனின் உருவமும் அந்த வாசகமும்.

அச்சுக்கூடத்தின் செங்கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், வேலை முடிந்து விரைகிறவர்கள். சில அடி தள்ளி செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் ஜமைக்கா வைன் ஹவுஸ் இருக்கிறது. அந்தக் காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வணிகர்கள் கூடிப் பேசிய ஜமைக்கா காப்பிக் கடை அந்தப் பக்கம்தான். விற்றவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே சந்தில் நடந்திருக்கிறார்கள், ஒருவர் தோளில் மற்றவர் உரசும் அளவுக்கு.

நாள் 2, செவ்வாய், லண்டன்

பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய, பதக்கப் பிரிவு ஆய்வறைக்கு ஊரிலிருந்தே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு, மெத்தென்ற தட்டின் மேலேயே வைத்து, விளிம்பை மட்டும் பிடித்துப் பார்க்கவேண்டும். மழையில் நனைந்து வந்த எனக்கு விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் நிற்கும்வரை எதையும் தொடாமல் காத்திருந்தேன்.

முதலில் வந்தது செப்பு அரைப்பென்னி டோக்கன். இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சில்லறைப் பஞ்சம். அரசு நாணயச்சாலை ஆண்டுக்கணக்கில் செப்புக்காசு அடிக்கவில்லை. புழக்கத்தில் இருந்ததில் கள்ளக்காசு ஏராளம். தொழிலாளிக்கு வாரக்கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. 1787இல் ஆங்கிள்சி தீவின் பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கத்தார் தாங்களே டோக்கன் அடித்துக் கொடுக்க, அடுத்த பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் வணிகர்கள் சொந்தக் காசு வெளியிட்டார்கள். வியாபார விளம்பரமும் அரசியலும் அந்தக் காசுகளில் ஏறின. அந்த வெள்ளத்தில்தான் மண்டியிட்ட மனிதனும் காசில் ஏறினான். முன்பக்கம் அவனும் அவன் கேள்வியும். பின்பக்கம் ஒன்றையொன்று பற்றிய இரு கைகள், சுற்றிலும் "அடிமைத்தனமும் ஒடுக்குமுறையும் உலகெங்கும் ஒழிக" என்ற வாசகம். ரொட்டிக்கடையிலும் சாராயக்கடையிலும் கைமாறிய காசு. துண்டுப் பிரசுரத்தை வாங்கிப் படிக்காதவன்கூட இந்தக் கேள்வியைக் கையால் தொட்டுத்தான் ரொட்டி வாங்கியிருப்பான்.

தட்டில் இருந்தவற்றின் தேய்மானத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்மானம் என்றால் விலை குறைவு என்பது சந்தைக் கணக்கு. எனக்கு அது நேர்மாறு. முழங்காலும் தோளும் மழுங்கிப்போன காசு, தன் வேலையைச் செய்த காசு.

இந்த அறையில் எனக்கு நெருக்கமான ஒருத்தியின் நினைவு உண்டு: சாரா சோஃபியா பேங்க்ஸ். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை. நாணயம், பதக்கம், டோக்கன் என்று 9,000க்கு மேல் சேர்த்தவர். 1818இல் அவர் இறந்த பிறகு சேகரிப்பு இந்த மியூசியத்துக்கும் அரசு நாணயச்சாலைக்கும் வந்தது. எதை யார் கொடுத்தார்கள் என்று தன் கையாலேயே பதிவேட்டில் எழுதி வைத்தவர் அவர். ஆண்கள் ரோமாபுரித் தங்கத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நாளைக்கு உருக்கப்படும் செப்புச் சில்லறையைப் பத்திரப்படுத்திய பெண். பொருளை வாங்குவது பாதி வேலை, அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று எழுதுவது மீதி வேலை என்பதை அவரிடம்தான் கற்றேன்.

கடைசியாகப் பார்த்தது சியரா லியோன் டோக்கன். ஒரு ஐரோப்பியனும் ஓர் ஆப்பிரிக்கனும் நின்றபடி கைகுலுக்குகிறார்கள். பின்னால் குடிசைகள், பனை நிழலில் ஆடும் மனிதர்கள். "நாம் அனைவரும் உடன்பிறந்தோர்" என்ற வரி. மறுபக்கம் முழுக்க அரபி எழுத்து. 1807 என்று பொறித்திருந்தாலும், மெக்காலே அண்ட் பேபிங்டன் என்ற வணிக நிறுவனத்துக்காக அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அடிக்கப்பட்டது. இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த காசு இது. காரணம் எளிது: இதில் அவன் எழுந்து நிற்கிறான்.

மியூசியத்தின் மூல சேகரிப்பாளர் ஹான்ஸ் ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு அவர் மனைவி வழியாக வந்த ஜமைக்கா அடிமைத் தோட்டங்களுடையது. அந்தக் காசில் வாங்கிய அலமாரிகளிலிருந்து கிளைத்த இடத்தில் உட்கார்ந்துதான் நானும் இவற்றைப் பார்த்தேன். அதையும் எழுதிவைக்கவேண்டும் என்று தோன்றியது.

நாள் 3, புதன், பார்லஸ்டன்

ஸ்டோக் ரயில் நிலையத்துக்கு அக்கா மகன் காரில் வந்திருந்தான். கவென்ட்ரியில் வேலை பார்க்கிறான். "சித்தி, இங்கே பார்க்க ஏரி இருக்கிறது, மலை இருக்கிறது. நீங்கள் களிமண் பார்க்க வந்திருக்கிறீர்களே" என்றான். வந்து பார், பிறகு சொல் என்றேன்.

வெட்ஜ்வுட் சேகரிப்பு பார்லஸ்டனில் இருக்கிறது. மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் லண்டன் சங்கத்தின் முத்திரையை எடுத்து, தன் தொழிற்சாலையின் சிற்பி வில்லியம் ஹாக்வுட்டைக் கொண்டு அச்சு செய்யவைத்தார். ஆண்டு 1787. உயரம் 3 சென்டிமீட்டர் அளவுதான். இளம் வெண்ணிறத் தளம், அதன் மேல் கறுப்பில் புடைத்த மனிதன். ஜாஸ்பர் என்ற மெருகிடாத கல்மண் வகை அது. அச்சில் கறுப்பு மண்ணை அழுத்தி, மெல்ல நெம்பி எடுத்து, ஈரம் தொட்டுத் தளத்தில் ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். நம் ஊரில் கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்தி எடுக்கும் பக்குவம்தான். ஓரம் கிழியாமல் வரவேண்டும்.

இவற்றை வெட்ஜ்வுட் விலைக்கு விற்கவில்லை, தன் செலவில் செய்து கொடுத்தார். 1788இல் ஒரு கட்டு ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குப் போனது. மிகச் சிறப்பாக எழுதப்பட்ட துண்டுப் பிரசுரத்துக்கு ஈடான பலன் இதற்கு இருக்கும் என்று அவர் பதில் எழுதினார். பெண்கள் கைவளையில் பதித்துக்கொண்டார்கள், கொண்டை ஊசியில் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் மூக்குப்பொடி டப்பாவின் மூடியில் தங்கக் கட்டுப் போட்டுப் பதித்தார்கள். கிளார்க்சனே இதையெல்லாம் எழுதியிருக்கிறார். வீண் பொருள்களிலேயே உழலும் நாகரிக மோகம் ஒரு முறையாவது நீதிக்கு உழைத்ததே என்று அவருக்குச் சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம் உண்டு. கூடவே நெஞ்சில் ஒரு முள்ளும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இத்தனை ஆயிரம் வில்லைகளில் அவன் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. யார் முன் மண்டியிடுகிறான் என்பது படத்தில் இல்லை. அதை அணிந்திருக்கிற சீமாட்டியின் முன்தான் என்று ஆகிவிடுகிறது. வெட்ஜ்வுட் பெயர் உலகுக்குத் தெரியும், ஹாக்வுட் பெயர் தெரியும். அவனுக்குப் பெயர் இல்லை.

பெயர் உள்ளவர்கள் அப்போது இல்லாமலா போனார்கள்? ஒலாடா எக்வியானோ 1766இல் தன் விடுதலையைத் தானே பணம் கொடுத்து வாங்கியவர். 1789இல் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதி அச்சிட்டு, பிரிட்டன் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசி விற்றவர். முன்பணம் கொடுத்து அதை வாங்கியவர்களில் வெட்ஜ்வுட்டும் ஒருவர். மண்டியிட்ட உருவத்தைச் செய்தவர், நிமிர்ந்து நின்ற மனிதரின் புத்தகத்தை வாங்கியிருக்கிறார். எக்வியானோவின் முகத்தை ஒரு காசிலாவது அடித்திருக்கலாமே என்று கண்ணாடிப் பேழை முன்னால் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

காரில் திரும்பும்போது அக்கா மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தகரத்தை ஒருமுறை காட்டுங்கள் சித்தி" என்றான்.

நாள் 4, வியாழன், பர்மிங்காம்

ஹேண்ட்ஸ்வொர்த்தில் சோஹோ சாலை முழுக்கப் பஞ்சாபிக் கடைகள். துணிக்கடை, இனிப்புக்கடை, எண்ணெயில் பொரியும் சமோசாவின் வாசனை. கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே பகுதியில் வாழ்கிறார்கள். அங்கிருந்து திரும்பி நடந்தால் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் வீடான சோஹோ ஹவுஸ், இப்போது மியூசியம். பக்கத்தில் இருந்த தொழிற்சாலையும் நாணயச்சாலையும் இடிக்கப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் காசு சேர்க்கிற எவருக்கும் சோஹோ அந்நியம் இல்லை. 1803 என்று ஆண்டு போட்ட 20 காசு, 10 காசு செப்பு நாணயங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. சென்னை மாகாணத்துக்காக கிழக்கிந்தியக் கம்பெனி சொல்லி போல்டனின் நீராவி இயந்திரங்கள் அடித்த காசு அது. 1808ஆம் ஆண்டுக் காசு மூட்டைகளோடு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்னே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதிலிருந்து மீட்ட காசுகள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. என்னிடமும் ஒன்று இருக்கிறது, கடல் அரித்த பள்ளங்களோடு.

அதே நாணயச்சாலையில், அதற்கு முன்பே, சியரா லியோன் கம்பெனிக்கு 1791 என்ற ஆண்டிட்ட காசுகள் அடிக்கப்பட்டன. முன்னே சிங்கம், பின்னே பற்றிய இரு கைகள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறிய நிலத்துக்கான காசு. எக்வியானோ 1790இல் பர்மிங்காமுக்கு வந்தபோது வரவேற்று ஆதரித்தவர்களில் போல்டனும் உண்டு. ஆனால் போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் நீராவி எஞ்சின்கள் கரீபியக் கரும்பு ஆலைகளுக்கும் போயின. பர்மிங்காமின் துப்பாக்கிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கும் பண்டமாற்றுப் பொருளாயின. இவற்றையெல்லாம் ஒரே ஊர் செய்தது. மியூசியப் பணியாளர் ஒருவர் இதை எதையும் மழுப்பாமல் எங்களிடம் சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிற்பகல் ஃபைவ் வேஸ் சந்திப்பில், அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய ஜோசஃப் ஸ்டர்ஜின் சிலை. பேருந்தும் காரும் சுற்றிச் சுற்றிப் போகின்றன, நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமைகள் விடுதலையானார்கள் என்று பள்ளியில் படிக்கிறோம். உண்மையில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் அதே எஜமானர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்கவேண்டியிருந்தது. ஸ்டர்ஜ் மேற்கிந்தியத் தீவுகளுக்கே போய் இதைக் கண்ணால் பார்த்தார். ஜமைக்காவில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞரை மீட்டு 1837இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். சிறையில் மிதிசக்கரத்தில் ஏற்றி அடித்ததை வில்லியம்ஸ் தன் வாயால் சொல்ல, அது அச்சாகி நாடெங்கும் பரவியது. 1838 ஆகஸ்ட் 1 அன்று அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஜேம்ஸ் வில்லியம்ஸ். என் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

இந்த வட்டாரத்துப் பெண்களையும் விட்டுவிடக்கூடாது. 1825இல் வெஸ்ட் பிராம்விச்சில் லூசி டவுன்சென்ட் வீட்டில் கூடியவர்கள் பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் அடிமைச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். மண்டியிட்ட பெண்ணின் உருவமும் "நானும் பெண் அல்லவா, உடன்பிறந்தவள் அல்லவா" என்ற வாசகமும் இத்தகைய பெண்கள் சங்கங்கள் வழியாகத்தான் பரவின. அதே உருவம் அட்லாண்டிக்கைக் கடந்து, நியூஜெர்சியின் பெல்வில்லில் 1838இல் செப்பு டோக்கனாக அடிக்கப்பட்டது. அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பணி ஓய்வுப் பணம் வந்ததும் நான் எனக்கென்று வாங்கிய முதல் பொருள்.

நாள் 5, வெள்ளி, ஹல்

ரயில் மாறி மாறி வந்து சேரவே மதியமாகிவிட்டது. ஹை ஸ்ட்ரீட்டில் செங்கல் வீடு, முன்னால், அடிமை வணிகத்தைத் தடைசெய்ய நாடாளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் சிலை. 1759இல் இந்த வீட்டில்தான் பிறந்தார். 1906 முதல் மியூசியம், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் விலங்குகளையும் கப்பல் மாதிரியையும் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

1807இல் வில்பர்ஃபோர்ஸ் முகத்தோடு வந்த பதக்கத்தில் "அவர்களுடைய கூக்குரலைக் கேட்டேன்" என்ற வேத வாக்கியம் இருக்கிறது. யாத்திராகமத்தில் வருவது. மிஷன் பள்ளியில் காலை ஜெபத்தில் கேட்டுக் கேட்டு அந்த வசனம் முழுதும் எனக்கு மனப்பாடம். 'ஆளோட்டிகளினிமித்தம் அவர்கள் இடுகிற கூக்குரலைக் கேட்டேன்.' ஆளோட்டி. மாட்டை ஓட்டுவதுபோல ஆளை ஓட்டுகிறவன். அதற்கு இதைவிடச் சரியான சொல் எந்த மொழியிலாவது இருக்குமா என்று தெரியவில்லை.

தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த என் 1834 பதக்கத்தை எடுத்தேன். வெள்ளீயக் கலவை. ஓரத்தில் கறுத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் விலங்கு அறுந்த மனிதன் இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி நிற்கிறான். சுற்றிலும் சங்கீத வரி: 'அது கர்த்தராலே ஆயிற்று, அது நம்முடைய கண்களுக்கு ஆச்சரியமாயிருக்கிறது.' தேதி, 1834 ஆகஸ்ட் 1. அதே நாளில்தான் இந்த ஊரில் வில்பர்ஃபோர்ஸ் நினைவுத் தூணுக்கு அடிக்கல் நட்டார்கள். 102 அடி உயரம். குயின்ஸ் கார்டன்ஸ் முனையில் நிற்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

மறுபக்கம்தான் என்னை இந்த ஊருக்கு அழைத்து வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பு முழுவதும் காலனி அடிமைத்தனம் ஒழிந்ததன் நினைவாக என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 'முழுவதும்.' 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தின் 64ஆம் பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பரப்புக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது, தஞ்சாவூர் வயலில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவனுக்குப் பொருந்தாது. தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டவளுக்குப் பொருந்தாது. சுந்தரரைத் தடுக்க இறைவன் ஆளோலையோடு வந்தான் என்று பக்தியோடு கதை கேட்கிறோம். அந்தக் கதை புரிய வேண்டுமானால் ஆளோலை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்திருந்தது. நம் ஊர்களில் மனிதர்களை எழுதி விற்ற அடிமை ஓலைகள் இன்றும் ஆவணங்களாக இருக்கின்றன. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். வயலில் நின்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை. இந்தியாவுக்கான சட்டம் வர 1843 ஆயிற்று, இலங்கைக்கு 1844.

லண்டனில் பார்த்த ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன், இங்கே சொல்கிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் அந்தக் காலத்துச் சர்க்கரைக் கிண்ணம் ஒன்று உண்டு. 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்யாதது' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை மறுத்த நல்ல மனிதர்களின் வீட்டில் இருந்தது. அவர்களின் மனசாட்சியை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கத்து வயலில் நின்றவர்களைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் தொழில் புத்தி அது. விடுதலைக்கு ஈடாக 2 கோடி பவுண்ட் வழங்கப்பட்டது. வாங்கியவர்கள் எஜமானர்கள். அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தத் தொகை. அதற்காக வாங்கிய கடனின் கடைசித் தவணை 2015இல்தான் தீர்ந்தது. நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் எல்லாம் அந்தக் கணக்கு முடியாமல் இருந்திருக்கிறது.

அடிமைகள் போன தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. 1834லேயே மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் வந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம் மக்கள் ஏறினார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே போனார்கள். அடிமைத்தனமும் கூலி ஒப்பந்தமும் ஒன்றுதான் என்று நான் சொல்லமாட்டேன். விற்கப்பட்ட மனிதனின் துயரத்துக்குப் பக்கத்தில் வைத்து எதையும் அளக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தப் பதக்கத்தையும் ஆச்சியின் அப்பாவுடைய தகரத்தையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மங்கும் வரை அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 6, சனி, பர்மிங்காம் அருகே

இரவே கவென்ட்ரிக்குத் திரும்பிவிட்டோம். இன்று நகருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நாணயச் சந்தை. மேசைக்கு மேசை தட்டுகள், உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டவைத்தபடி குனிந்த தலைகள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் சார்ல்ஸ்டன் அடிமை வில்லை என்று ஒன்றை வாங்கினேன். அமெரிக்காவின் அந்த ஊரில் வெளியாருக்கு வாடகைக்கு விடப்பட்ட அடிமைகள் ஆண்டு, தொழில், எண் பொறித்த செப்பு வில்லையோடு நடமாடவேண்டும். கட்டணம் நகராட்சிக்கு, எஜமான் கட்டவேண்டும். எனக்கு வந்தது போலி. எழுத்தின் ஓரங்கள் மெழுகுபோல மழுங்கி, பரப்பில் காற்றுக்குமிழிப் புள்ளிகள், விளிம்பில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு. அச்சில் அடித்த பொருளில் இவை இருக்காது, வார்த்ததில்தான் இருக்கும். கறுப்பும் பச்சையுமாக ஏற்றிய களிம்பு ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பணம் போனது எனக்குப் பெரிதில்லை. ஒரு மனிதனின் கழுத்தில் தொங்கிய துயரத்தைப் பட்டறையில் புதிதாகச் செய்து விற்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை உடைத்துப் போட்டேன். வேறொருவர் கைக்கு அது போகக்கூடாது.

முதல் வரிசையில் ஒரு தட்டில் 1788ஆம் ஆண்டு பார்படோஸ் பென்னி இருந்தது. இறகு சூடிய ஆப்பிரிக்கத் தலை. கீழே 'நான் சேவிக்கிறேன்' என்ற ஆங்கில வாசகம். பின்னால் அன்னாசிப்பழம். ஃபிலிப் கிப்ஸ் என்ற தோட்ட உரிமையாளர் அடிக்கவைத்த காசு. லண்டனில் சங்கம் முத்திரை செய்துகொண்டிருந்த அதே காலம். அந்த முகத்தைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிட்டது. வைத்துவிட்டு நகர்ந்தேன். அது தவறு என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. விடுதலைக் காசுகளை மட்டும் அடுக்கிவைத்தால் எதிலிருந்து விடுதலை என்பது விளங்காது. அடுத்த முறை கிடைத்தால் வாங்குவேன்.

ஐந்தாவது மேசையில் நான் தேடியது கிடைத்தது. அரைப்பென்னி டோக்கன்கள் இரண்டு. ஒன்று அடித்த அன்றைக்கு இருந்ததுபோல, தாடையின் கோடுவரை தெளிவு. இன்னொன்று தேய்ந்து, பழுப்பேறி, அவன் தலைக்கு மேலே ஒரு துளையோடு.

"துளை போட்டது சேகரிப்புக்கு ஆகாது அம்மா. நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள், விலையில் கொஞ்சம் பார்த்துச் செய்கிறேன்" என்றார் கடைக்காரர். வயதானவர், நியாயமான மனிதர்.

"இந்தத் துளை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது?"

"கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். தொங்கும்போது அவன் நேராகத் தெரியவேண்டும் அல்லவா."

துளையின் ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் மட்டும் கயிறு அறுத்து வழவழப்பாக்கியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற வழவழப்பு இல்லை அது. துளையுள்ளதையே எடுத்துக்கொண்டேன். 35 பவுண்ட். அக்கா மகன் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. பணத்தை அவன்தான் கொடுத்தான், நான் தடுத்தும் கேட்கவில்லை.

இரவு அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன், சாரா பேங்க்ஸ் பழக்கப்படி. பொருள், உலோகம், எங்கே வாங்கியது, யார் வாங்கிக் கொடுத்தது. 'அணிந்தவர்' என்ற இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். 'உருவத்தில் இருப்பவர்' என்று இன்னொரு வரி சேர்த்து, அங்கும் அதையே எழுதினேன்.

பிறகு தகரத்துக்கு. ஒன்பது ஆண்டுகளாக என் சேகரிப்பில் சீட்டு இல்லாத பொருள் அது ஒன்றுதான். சுடலைமுத்து என்று பெயர் எழுதிவிட்டேன். அவர் அப்பா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்பது என் நினைவில் நிற்கவில்லை. ஊரில் விடியும் நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். தூக்கக் கலக்கத்தில் முதலில் திட்டினாள். பிறகு ஆச்சி சொன்னதை யோசித்து யோசித்து, ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் எழுத, அக்கா மகன் விளக்கை அருகில் நகர்த்தி வைத்தான்.